தகரத்தில் எழுதிய மூன்று வரி

எங்கள் வீட்டுப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தகரத் துண்டு மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தது. ஒன்றரை அடி நீளம் இருக்கும். லாரி கேபினுக்குத் தகரம் வெட்டியபோது மிஞ்சிய துண்டு. வெள்ளை பூசி, அதன்மேல் சிவப்பு எனாமலில் மூன்று வரி எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் கறுப்பில் நிழல் போட்டிருக்கும். “நான் செத்த பிறகு எனக்கு எந்தச் சடங்கும் வேண்டாம். மந்திரம், மணி, பட்டை எதுவும் கூடாது. தேங்காய் உடைக்காதீர்கள், சட்னிக்கு ஆகும்.” கீழே வலது மூலையில், லாரிகளில் போடுவதுபோலவே, சின்னதாக அவர் கையெழுத்து. எழுதியவர் எங்கள் பட்டறைப் பெயிண்டர் அண்ணன். வீடு கூட்டும்போது என் மனைவி அந்தத் தகரத்தை நகர்த்துவாள். அது தரையில் உரசும் சத்தம் கேட்டால், நான் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. போன மாதம் எங்கள் சபைப் போதகர், வாலிபர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார். கடவுள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களிடம் நம் விசுவாசத்தை எப்படிக் காத்து நிற்பது, அவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பது தலைப்பு. “நீங்க பதினோரு வருஷம் அப்படிப்பட்ட ஒருத்தர் பக்கத்துல உக்காந்து வேலை செஞ்சிருக்கீங்க. உங்களை விட்டா யாரு பேசுவாங்க?” என்றார். மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டேன். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆள். நாலு பேர் முன்னால் நிற்பது என்றாலே பயம். ஆனால் இந்தத் தடவை பயம் அதனால் அல்ல. என்னிடம் இருப்பது பதில் இல்லை, வேறு ஒன்று.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எனக்குக் குஷன் வேலை. ஓட்டுநர் சீட்டுக்கு ரெக்சின் வெட்டித் தைத்துப் போடுவேன். பதினைந்து பேர் வேலை செய்கிற இடத்தில் கிறிஸ்தவன் நான் ஒருத்தன்தான். எந்தச் சாமியும் இல்லை என்பவரும் ஒருத்தர்தான், பெயிண்டர் அண்ணன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எல்லாச் சாமி பேரையும் லாரி நெற்றியில் எழுதுவது அவர்தான். முருகன் துணை, அங்காளம்மன் துணை, இயேசு துணை, எதுவானாலும் நூல் பிடித்ததுபோல் எழுதுவார். எழுதி முடித்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, “இருக்குதோ இல்லையோ, எழுத்து நல்லா இருக்குது” என்பார்.

அவருக்கு நான் வசமாக மாட்டியது மத்தியானச் சாப்பாட்டில்தான். டப்பாவைத் திறந்து, கண்ணை மூடி, சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிடுவது என் வழக்கம். கண்ணைத் திறந்தால் சோற்றின்மேல் வைத்திருந்த அவித்த முட்டை இருக்காது.

“ஏஞ்சாமி, உங்க ஆண்டவரு எல்லாத்தையும் பாக்கறவருங்கறே. முட்டைய எடுத்தது யாருன்னு கேட்டுச் சொல்லு பாக்கலாம்” என்பார், வாயில் முட்டையோடு.

“அவரு சொல்லமாட்டாருங்ணா. பாதிய அவருக்கும் குடுத்திருப்பீங்க” என்பார் பக்கத்தில் சாப்பிடும் வெல்டர்.

நானும் ஒரு நாள் துணிந்து கேட்டேன். “சாமியே இல்லைங்கறீங்க. அப்பறம் எதுக்குங்ணா என்னையச் சாமி சாமிங்கறீங்க?”

“உன்னையத்தான் கண்ணுல பாக்கறனே” என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது. முட்டையை எடுத்த நாளெல்லாம் என் டப்பா மூடியில் அவர் வீட்டுக் கொள்ளுத் துவையல் ஒரு உருண்டை இருக்கும். அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முட்டை போனதுதான் கணக்காகத் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், அவருக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று வண்டியில் தனியாகப் பேசிக்கொண்டே போவேன்.

ஒரு நாள் விபத்தில் நொறுங்கிய லாரி ஒன்றைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். நாங்கள் கட்டிய பாடிதான். நெற்றிப் பலகை இரண்டாக மடிந்திருந்தது. அதில் ‘இயேசு’ ஒரு பக்கம், ‘துணை’ ஒரு பக்கம். ஓட்டுநர் இறந்துவிட்டார். எங்கள் பட்டறைக்கு வந்தால் பெயிண்டர் அண்ணனோடு உட்கார்ந்து டீ குடிக்காமல் போகாத ஆள். அண்ணன் அந்தப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இத எழுதுனது நாந்தான். நெழல் போட்டு எழுதுனேன். நீ சொல்லு சாமி, துணை எங்க போச்சு?” என்று கேட்டார். அன்று யாரும் சிரிக்கவில்லை. என் கடவுளை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டார், நான் வாயில்லாத பூச்சியாக நின்றுவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. கேட்ட மனிதர் மடிந்த பலகையைக் கையால் நிமிர்த்த முயன்றதைப் பார்த்தேன். பார்த்தும் அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் போனேன். துன்பம் ஏன், தீமை ஏன், கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் பொறுமையாகப் பதில் சொல்ல, நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். தெரியாத வார்த்தைகளை இரண்டு தடவை கேட்டு எழுதினேன். போனில் வரும் விவாத வீடியோக்களைப் பார்த்து அதில் இருந்தும் எழுதினேன். நாற்பது பக்கம் சேர்ந்தது. ஒரு மத்தியானம், நிறுத்தியிருந்த லாரியின் நிழலில் அவர் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குது. படிச்சவிய சொன்னதாட்ட இருக்குது. அந்த டிரைவர் செத்ததுக்கு நீ என்ன நெனைக்கறே?”

எழுதியதில் அது இல்லை. நோட்டைப் புரட்டினேன். பிறகு மூடிவிட்டு, “எனக்குத் தெரியலைங்ணா. அன்னைக்கு ராத்திரி அழுதுட்டேன். ஜெபம்கூட வரல” என்றேன்.

அவர் பிரஷைத் துணியில் துடைத்து நிமிர்த்தி வைத்தார். “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சாமி. நானும் ஊட்டுல போய் அழுதுட்டுத்தான் வந்தேன்” என்றார். எங்களுக்குள் நடந்த பேச்சில் மிச்சமாக என்னிடம் இருப்பது இதுதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் நோட்டில் இன்னும் கொஞ்சம் எழுதி வைத்திருந்தால் மடக்கியிருக்கலாம் என்றுதான் அன்றைக்கும் நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஆயுத பூஜை என்றால் எனக்கு வருடா வருடம் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். முதலாளி பட்டறை முழுக்கப் பொட்டு வைத்து, எல்லாருக்கும் தன் கையாலேயே திருநீறு பூசிவிடுவார். நான் அந்த நேரம் பார்த்து நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். ஒரு வருடம் முதலாளியின் அண்ணன் கேட்டிலேயே பிடித்துக்கொண்டார். “ஏப்பா, வருசா வருசம் எங்க ஓடறே? கையெடுத்துக் கும்புட்டா கை தேஞ்சா போயிரும்?” என்றார். சோறு போடுகிற இடம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், கும்பிட என் தலை தானாகக் குனிந்தது. அந்த நேரத்தில் யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். “உடுங்க மாமா. அவனும் நானும் ஒரே கட்சி. எங்களுக்குப் பொரியும் கடலையும் போதும்” என்றார் பெயிண்டர் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள், பேச்சு அதோடு முடிந்தது. என் விசுவாசத்தை அன்று காப்பாற்றியவர், விசுவாசமே இல்லாத மனிதர். எனக்கு அது தெரியும். நன்றி சொல்லத்தான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் இந்தத் தகரத்தை என்னிடம் கொடுத்தார். சில மாதமாகவே அவருக்கு நெஞ்சு வலி இருந்தது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இத உன்ற ஊட்டுல வெய்யி. எங்க ஊட்டுல இருந்தா எம் மச்சான் கண்ணுல பட்டு பழைய இரும்புக்குப் போயிரும். நான் போன அன்னைக்கு நீ கொண்டாந்து எல்லார்த்து முன்னாலயும் காட்டோணும். அவ்வளவுதான்.”

“நானுங்களா? வேற ஆரும் இல்லைங்களா?”

“பட்டறைல பதினஞ்சு பேர்ல பொய் பேசாதவன் நீ ஒருத்தன்தான். உங்க சாமி மேல எனக்கு நம்பிக்கை இல்ல. உம் மேல இருக்குது.”

சரி என்றேன். இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் சரி என்றேன்.

அடுத்த தை மாதம் ஒரு நாள் காலையில் அவர் இறந்த செய்தி வந்தது. ரெக்சினில் தகரத்தைச் சுற்றி, வண்டியின் பெட்ரோல் டேங்குமேல் வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டு ஜேடர்பாளையம் பக்கம் இருந்த அவர் ஊருக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டு, அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவர் மச்சான் மும்முரமாக இருந்தார். நெற்றியில் பட்டை போட்டாயிற்று. தலைமாட்டில் விளக்கு. பூசாரி தட்டில் தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்திவிட்டு, டேங்குமேல் இருந்த தகரத்தைத் தொட்டபடியே நின்றேன். அப்போது அண்ணனின் மனைவி, பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, சத்தமாகவே கேட்டார்: “அவரு என்னமோ எழுதி ஆருகிட்டயோ குடுத்திருக்கறேன்னு சொன்னாருங்க. பட்டறைக்காரவிய ஆருக்காச்சும் தெரியுமுங்களா?”

பட்டறை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளியும் இருந்தார். என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் கேட்டார் அந்த அம்மா. நான் தரையைப் பார்த்தேன். இந்துக்கள் வீட்டுச் சாவில் சடங்கைத் தடுக்க ஒரு கிறிஸ்தவன் வந்துவிட்டான் என்பார்கள், அடி விழும், வேலை போகும் என்று பயந்தேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை அதுவல்ல. பதினோரு வருடம் என் ஆண்டவரைக் கேலி செய்தவரின் நாத்திகத்துக்கு நான் ஏன் காவல் நிற்க வேண்டும் என்றும் ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலை அன்று நான் பக்தி என்று நம்பினேன். “தெரியலைங்க” என்று வாய் திறந்துகூடச் சொல்லவில்லை. அதனால் பொய் சொல்லவில்லை என்று அப்புறம் பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மணி அடித்தார்கள். முதல் தேங்காய் உடைந்த சத்தத்தில் எனக்குச் சட்னி ஞாபகம் வந்து, சாவு வீட்டில் சிரிப்பு முட்டி, அது அழுகையாக மாறியது. வெல்டர் என் தோளைத் தட்டி, “உனக்குத்தான் ரொம்ப வேண்டியவரு” என்றார்.

பேசச் சொல்லிப் போதகர் கேட்ட பிறகு, இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஏதாவது வசனம் சொல்லி ஆறுதல்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர், “மொதல்ல அந்தம்மாகிட்டப் போயிட்டு வாங்க. கூட்டத்தை அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

போன வாரம் போனேன். அதே ரெக்சின், அதே வழி. அந்த அம்மா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். தகரத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மடியில் வைத்து, விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே படித்தார். தேங்காய் வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டார். “இது அவரு பேச்சேதான்” என்றார். பிறகு நிமிர்ந்து, “அன்னைக்கு நீங்க வந்திருந்தீங்கள்ல?” என்று கேட்டார்.

“வந்திருந்தேனுங்க. இது வண்டியில இருந்துச்சுங்க.”

அவர் திட்டியிருந்தால் நான் வீடு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். முறத்தில் இருந்த தோலை ஊதித் தள்ளினார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, தகரத்தை மறுபடி ரெக்சினில் சுற்றி என்னிடமே நீட்டினார். “இங்க இருந்தா எங்கண்ணன் பாத்து வருத்தப்படுவாரு. நீங்களே வெச்சுக்குங்க. குடுத்த எடத்துல பத்திரமா இருக்கும்னு சொன்னாரு. பத்திரமாத்தான் வெச்சிருக்கறீங்க.”

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நாற்பது பக்க நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அதில் இருப்பது எதுவும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவற்றை இன்றும் நம்புகிறேன். ஆனால் அண்ணன் என்னிடம் அந்த நாற்பது பக்கத்தில் ஒன்றையும் கடைசியில் கேட்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் எழுந்து நிற்கச் சொன்னார். என் ஆண்டவர் மெய்யானவர் என்று அவருக்குக் காட்ட எனக்கு அந்த ஒரு காலை நேரம் கிடைத்தது, அதுவும் அவர் பார்க்க முடியாத நேரம். இதைத்தான் வாலிபர்களிடம் சொல்லப்போகிறேன். எப்படிச் சொல்வேன், குரல் வருமா என்று இப்போதே கவலையாக இருக்கிறது.

மத்தியானத்தில் இன்றும் டப்பாவைத் திறந்து கண்ணை மூடுகிறேன். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிக நேரமே மூடியிருக்கிறேன். திறந்தால், சோற்றின்மேல் முட்டை அப்படியே இருக்கிறது. தகரத்தைப் பீரோவுக்குப் பின்னால் திரும்ப வைக்கவில்லை. கூடத்தில், சிலுவைப் படம் போட்ட காலண்டருக்குக் கீழே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள், யார் எழுதியது என்று கேட்கிறார்கள். அன்று சொல்லாமல் விட்டதை அவர்களுக்குச் சொல்கிறேன்.