கட்டில் வரைக்கும் ஒரு ரயில்

பெயின்டர் ஒரு கதவுக்கு வண்ணம் அடித்தால் அதில் ஈ உட்கார முடியாது. வழுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அப்பேர்ப்பட்ட கைதேர்ந்தவர் தலை நரைத்த பிறகு பொம்மை ரயில் செட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்றால் காரணம் இல்லாமலா?

காரணம் அவர் மனைவி. பஸ் கண்டக்டராக இருந்தவள். ஊரையே "உள்ளே போ, உள்ளே போ" என்று அதட்டிய வாய்க்குத் தனக்கென்று ஒன்று கேட்க மட்டும் வராது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகும் அதே வீம்பு. ஒரு நாள் அவர் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், நாக்கு வறண்டு கிடக்கிறாள்.

"ஒரு குரல் கொடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சரி, இவள் கேட்காமலே தண்ணீர் இவளிடம் வந்து சேரட்டும் என்று முடிவு கட்டினார்.

சாரப் பலகைகளைக் கட்டில் உயரத்துக்கு முட்டுக்கொடுத்து, சமையலறையிலிருந்து கட்டில் வரை தண்டவாளம் பூட்டினார். முழங்கை நீள இன்ஜின். பின்னால் தண்ணீர் பாட்டிலை ஏற்ற ஒரு திறந்த பெட்டி. சமையலறையில் வைத்த கரண்டுக் குமிழைத் திருகினார். அசையவில்லை. இன்னும் திருகினார். ம்ஹும்.

ரயில் வந்த அட்டைப்பெட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "தண்டவாளம் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"துருப் பிடிக்கக் கூடாதுன்னு ரெண்டு கோட் அடிச்சேன்."

"அடப் பாவி மனுஷா! கரண்டு தண்டவாளம் வழியாத்தான் இன்ஜினுக்குப் போகுமாம், படம் போட்டிருக்கே! ரூட்டையே பூசி மூடிட்டீங்களே!"

சிரிப்பில் கட்டில் ஆடியது. இடுப்பு வலித்தது, அப்படியும் அவள் நிறுத்தவில்லை.

அவர் உப்புத்தாளை எடுத்துச் சமையலறை முனையிலிருந்து தேய்த்தார். அவளும் அதில் ஒரு துண்டைப் பிடுங்கி, படுத்தபடியே தன் பக்கத்தைத் தேய்த்தாள்.

பிறகு குமிழைத் திருகியதும் ரயில் கிளம்பியது. ஆடி அசைந்து, கல்யாண ஊர்வலம் மாதிரி அவள் அறையின் வாசற்படி தாண்டியது. அங்கேயே நின்றும் போனது. அவர் தேய்த்தது கதவு வரை, அவள் தேய்த்தது கைக்கெட்டிய வரை. நடுவில் இரண்டு முழம் விட்டுப்போயிருந்தது.

சமையலறையில் குமிழைப் பிடித்தபடி அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவள் வாய் திறந்து கூப்பிடுவாளா? உள்ளேயிருந்து மெல்ல ஒரு குரல்.

"ஏங்க... வண்டி நின்னுபோச்சு. கொஞ்சம் வந்து தள்ளி விடுங்களேன்."

ஓடிவந்து தள்ளிவிட்டார். அவள் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

"வந்தது வந்தீங்க, இந்தத் தலையணையையும் கொஞ்சம் ஒசத்தி வெச்சிடுங்க. முதுகு வலிக்குது."

ஈரப் பெயின்டைத் தொடுகிற மாதிரி அத்தனை பதமாக உயர்த்தி வைத்தார்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."