தரை தட்டிய படகும் ஒரு தர்ப்பூசணியும்

டொக். டொக்... டொக்.

சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. முன்னறையில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் ஒவ்வொரு டொக்குக்கும் கண்ணை மூடித் திறந்தார். "உள்ள என்னங்க பண்றாங்க?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"நீங்க கொண்டுவந்த தர்ப்பூசணியைத் தட்டிப் பாக்கறாங்க" என்றேன். எதிர்வீட்டுக்காரியான எனக்கு இந்தச் சத்தம் பழக்கம்தானே.

எங்கள் குடியிருப்பில் இந்த வீட்டுக்கார அம்மாவுக்கு டொக்டொக் அக்கா என்றுதான் பெயர். அடிபட்ட படகுகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சோதித்துச் சொல்வது தொழில். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சின்னச் சுத்தியல் ஒன்று இருக்கும். படகின் அடிப்பக்கத்தை அதனால் தட்டிக் காதைச் சாய்ப்பார். கெட்டியான இடம் கணீரென்று பேசும். உள்ளே வெடித்த இடம் பொத்தென்று முனகும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கதவு, குடம், புது அலமாரி, எதையும் தட்டாமல் நம்பமாட்டார். இருமிய கணவரின் முதுகைக்கூட ஒருநாள் தட்டிக் கேட்டு, மெல்லத் தலையாட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல, ஆபீசுக்குக் கிளம்புங்க" என்றாராம்.

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகக் கூசுகிற படகுக்காரர்கள் அவர் வீட்டுக்கு வருவார்கள். வருகிற எல்லாருக்கும் ஒரு சிநேகிதன் உண்டு. தரை தட்டியது எப்போதும் அந்தச் சிநேகிதனின் படகுதான்.

அக்கா வந்து உட்கார்ந்ததும் மீசைக்காரரும் அப்படியே தொடங்கினார். "நம்ம சிநேகிதன் ஒருத்தன், அக்கா. முந்தாநாள் போட்டை மணல்திட்டுல ஏத்திட்டான். இப்ப நல்லாத்தான் ஓடுது. சின்னக் கீறல். கம்பெனிக்கு மெதுவா, சீசன் முடிஞ்சு சொன்னாப் போதும்ல?"

"ஆறப்போட இது என்ன பாலா? ஆளுங்க பத்திரமா கரையேறினதும் போட்டோ எடுக்கணும், போனைப் போடணும். அன்னிக்கே. கீறல் சின்னதா பெரிசான்னு தட்டினாத்தான் தெரியும்."

"இல்லக்கா, சின்னதுக்கெல்லாம் பணம் கேட்டா நல்லா இருக்காதேன்னு..."

"சொல்றது வேற, பணம் கேக்கறது வேற தம்பி. மொதல்ல சொல்லணும். கேக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் உக்காந்து யோசிக்கலாம். ஆமா, உன் சிநேகிதன் கீறல் மேல பெயிண்ட் கிண்ட் அடிச்சுட்டானா?"

"சேச்சே!"

"அப்ப உன் நகத்துல என்னப்பா, நீலமா?"

மீசைக்காரர் கைகளை ஒளித்துக்கொண்டார். பிறகு அணை உடைந்தது. அத்தனை பெரிய மீசைக்குக் கீழே உதடு அப்படித் துடித்ததைப் பார்க்க எனக்கே நெஞ்சு கனத்தது. கண்ணைக் கட்டிக்கொண்டுகூட ஓட்டுவேன் என்று பீற்றி மாமனாரை ஏற்றிக்கொண்டு போனவர். முகத்துவாரத்தில் தண்ணீர் வடிகிற நேரத்தில் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது.

"அவரு ஒரு வார்த்தை திட்டலக்கா. இறங்கி ஒரு சுத்து சுத்தி வந்தாரு. குடையை விரிச்சு மணல்ல உக்காந்துட்டாரு. தண்ணி ஏறுற வரைக்கும் அந்தக் குடையையே பாத்துட்டு நின்னேன். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

அவமானத்தில் மறுநாளே கீறல்மேல் நீலம் பூசிவிட்டார். நாளைக் காலை அதே படகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள்.

அதுவரை கிண்டலாகப் பேசிய அக்காவின் குரல் மாறியது. "அந்தப் போட்டு நாளைக்குத் தண்ணியில இறங்கக் கூடாது. பிள்ளைங்களுக்கு வேற போட்டு ஏற்பாடு பண்ணு. இப்பவே கம்பெனிக்கும் போன் போடு. பெயிண்ட் அடிச்சதையும் மறைக்காம சொல்லு."

இரண்டையும் செய்தார். பூசுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டார்கள். இல்லை. கீறலைப் பார்த்தவர் யாராவது? ஒரே ஒருவர்.

"மாமாகிட்ட கேக்கறதா? அதுக்கு நான் ஆத்துலயே குதிச்சுடுவேன்!"

"குதி. போனைப் போட்டுட்டுக் குதி."

மாமனாரின் குரல் ஸ்பீக்கரில் நிதானமாக வந்தது. "போட்டோவா? அன்னிக்கு நான் சுத்தி வந்தது எதுக்குன்னு நினைச்சீங்க மாப்பிள்ளை? ஏழெட்டு எடுத்து வெச்சிருக்கேன். நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன். நானா நீட்டினா குத்திக்காட்டுற மாதிரி ஆயிடுமேன்னு சும்மா இருந்துட்டேன்."

மீசைக்காரர் அழுதாரா சிரித்தாரா, சொல்லத் தெரியவில்லை. மீசை முழுக்க நனைந்திருந்தது.

எழுந்தவரின் கையில் அக்கா தர்ப்பூசணியைத் திரும்பத் திணித்தார்.

"ஐயோ, இது உங்களுக்குன்னு வாங்கினது."

"உன் போட்டைத் தட்டப்போறது நானாத்தான் இருக்கும். உன் பழத்தைத் தின்னுட்டு வந்தா என் காது கேக்காது. மாமனாருக்கு வெட்டிக் குடு. நல்ல பழம், தட்டிப் பாத்துட்டேன்."

அவர் வெளியேறியதும் அக்கா கதவைச் சாத்தினார். படிகளில் இறங்கிய காலடி பாதியில் நின்றது. பிறகு தயங்கித் தயங்கிப் பழத்தைத் தட்டும் சத்தம்: டொக். டொக்.

அக்கா சாத்திய கதவில் காதை வைத்துக் கேட்டார். மெல்லத் தலையாட்டினார்.