எட்டு வாரக் கெடு

அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்கு நர்ஸம்மா என்று பெயர். உண்மையில் நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்பவள். அடுத்தவர் முதுகில் லேசாகச் சிவந்தாலே புண் வரப்போகிறது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள், ஒன்பது வயது மகளின் வயிற்றுவலியைக் கணக்குப் பரீட்சைக்கான சாக்கு என்று நினைத்துவிட்டாள். இரண்டாம் நாள் வலி சட்டென்று நின்றது. "பாத்தியா, பரீட்சை முடிஞ்சதும் வலியும் ஓடிப்போச்சு" என்று கிண்டல் வேறு செய்தாள்.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது. குடல்வால் வெடித்ததால்தான் வலி நின்றது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"சுத்தி சீழ் கட்டியிருக்கு. இப்ப வெட்டினா ஒட்டியிருக்கிற குடலும் கிழியலாம்" என்றார் பெரிய டாக்டர். சீழைக் குழாய் வைத்து எடுத்து, மருந்து ஏற்றி, எட்டு வாரம் கழித்து அறுவை. நடுவில் வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே வர வேண்டும்.

கணவனுக்கு மனம் ஒப்பவில்லை. "வெடிச்சதை உள்ளயே விட்டுட்டு வீட்டுக்கு அனுப்புறாங்க, நீயும் தலையாட்டுற!"

"அப்ப நீங்களே வெட்டுங்க" என்றவள், கையெழுத்தைத் தானே போட்டாள்.

அதன்பின் தூக்கம் பேருக்குத்தான். பகலெல்லாம் பிறரைப் புரட்டிப் படுக்க வைப்பது. வீடு திரும்பியதும் மகள் வாயில் தெர்மாமீட்டர்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"ஐயோ, எத்தனை தடவைம்மா கேப்ப!"

ஐந்தாவது வாரம் ஒருநாள் காலை, மகள் மாடிப்படி இறங்குவதைக் கவனித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலதுகாலைப் பதமாக வைத்து இறங்கினாள்.

"கடைசிப் படியிலேர்ந்து குதி, பாப்போம்."

"மாட்டேன்."

"ஏன்?"

மகள் அழுதுவிட்டாள். "வலிக்குதுன்னு சொன்னா நீ மறுபடி ராத்திரியெல்லாம் உக்காந்திருப்ப. இப்பவே நின்னுக்கிட்டே தூங்குற."

அவள் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். "காய்ச்சல் இல்லையேம்மா. தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு."

"தேதி போட்டது நீங்க தம்பி. அவ வயித்துக்கு அது தெரியாது. ஸ்கேன் எடுங்க."

எடுத்தார்கள். மறுபடியும் சீழ். இனிக் காத்திருக்க வேண்டாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். பிற்பகலே அறுவை நடந்தது.

இரண்டரை மணி நேரமும் கணவன் நடந்துகொண்டே இருந்தான். அவள் சுவரில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். டாக்டர் வெளியே வந்தபோது உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"எடுத்தாச்சும்மா. நல்லா இருக்கா."

கணவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி எப்பக் குடுக்கலாம்?" என்று கேட்டாள்.