மைக்கில் சொன்ன பெயர்

மலேசியாவில், குளுவாங்கில் நான் படித்த இடைநிலைப்பள்ளி மைக்குக்கு ஒரு குணம் உண்டு. யாராவது பேச வாயைத் திறக்கும் முன் ‘கீய்ய்ங்’ என்று காதைக் கிழிக்கும். மதியப் பள்ளி என்பதால் உச்சி வெயிலில்தான் அசெம்ப்ளி. கொதிக்கும் சிமெண்டுத் தரை, வியர்வையில் முதுகோடு ஒட்டிய சீருடை... அந்தக் கீச்சொலி.

இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் மைக் அப்படிக் கத்தினால் என் கண் முதலில் வாசலைத் தேடும்.

அப்போது நான் இரண்டாம் படிவம், பதினாலு வயது. ஒருநாள் ஓய்வு நேரத்தில், எங்கள் வகுப்பு முரளி தன் பையைத் திறந்து கூட்டாளியிடம் காட்டினான். விளையாட்டுச் சட்டையில் சுற்றிய கத்தி.

“சாய்ந்தரம் பஸ் ஸ்டாண்டுல சுரேஷ ஒரு வழி பண்ணிர்றேன் பாரு.”

சுரேஷ் எனக்கு முன் மேசைக்காரன். வாய்க்கொழுப்பு உண்டுதான். அதற்காகக் கத்தியா?

நேராகக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உடனே வந்து பையைப் பறித்துக்கொண்டு முரளியையும் அழைத்துப் போனார். சுரேஷ் அன்றைக்கு முழுசாக வீடு போய்ச் சேர்ந்தான்.

அதோடு விட்டிருக்கலாம்...

மறுநாள் அசெம்ப்ளி. ‘கீய்ய்ங்’. அப்புறம் என் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து! தொலைந்த கைக்கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தால்கூட மேடையேற்றிப் பாராட்டுவது எங்கள் பள்ளி வழக்கம். கட்டொழுங்கு ஆசிரியர் என்னையும் ஏற்றினார். “புடாக் இனி பெரானி!” என்றார். தைரியமான பிள்ளையாம், எல்லாரும் கை தட்ட வேண்டுமாம். நல்ல எண்ணத்தில்தான் செய்தார் மனுஷன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

முரளியின் கூட்டாளி மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தான். என் சீட்டுக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தான்... டக், டக். நான் இறங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், இருட்டத் தொடங்கியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

வீட்டில் அழுதபோது அப்பா சொன்னார்: “அழாத லா. நாளைலேருந்து பஸ்ஸு வேணாம். அப்பா மோட்டார்ல வந்து ஏத்திக்கிறேன்.” ஃபேக்டரி ஓவர்டைமை விட்டுவிட்டு அந்த வருடம் முழுக்கப் பள்ளி கேட்டில் வந்து நின்றார்.

இப்போது ஜோகூர் பாருவில் இருக்கிறோம். மகளின் பள்ளியில் புகார் சொல்லச் சுவரில் கியூஆர் கோட் ஒட்டியிருக்கிறார்கள். கவுன்சலிங் அறைக்கு ஏர்கான் வேறு. நம் காலத்தில் ஏது இதெல்லாம்...

நேற்று காரில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் இன்னொரு பையனின் கையைக் காலை உடைக்கப்போவதாக எழுதி, இரும்புக் கம்பியின் படமும் போட்டிருக்கிறானாம்.

“மா, நான் டீச்சர்ட்ட சொன்னா... அசெம்ப்ளில என் பேர சொல்லிருவாங்களா?”

என் கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

வீடு வந்ததும் கவுன்சலர் டீச்சருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “எம்மக பேரு மட்டும் வெளிய வரவேணாம் டீச்சர்,” என்றேன். “கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்,” என்றார். நல்ல மனுஷிதான். எங்கள் கட்டொழுங்கு ஆசிரியரும் நல்ல மனுஷன்தான்.

இதைப் பள்ளி கேட்டுக்கு எதிரே, காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளி விட இன்னும் நேரமிருக்கிறது. அப்பா மாதிரி நானும் முன்னாடியே வந்துவிட்டேன்.

உள்ளே மைக் போடுகிறார்கள்...

கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.