படுக்கையறைக்கு வாங்கிய நிறங்கள்

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவேண்டும். மனைவியின் மார்பில் இருந்த சிறு கட்டியில் ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்திருந்தார்கள். முடிவை எனக்குச் சொல்லலாம் என்று அவளே அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் போனைப் பூட்டி வைக்க வேண்டும். லீவும் கிடைக்கவில்லை. அதனால் தன் போனை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

"முடிவு தெரியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. தம்பிக்கும்தான்."

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பயம் உண்டு. லண்டனில் எங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு நோய் வருத்தத்தைச் சொன்னால், அது மத்தியானத்துக்குள் பக்கத்து டூட்டிங் தமிழ்க் கடைகளுக்குப் போய்விடும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷில் போன் பேசுவதென்றால் கை வியர்க்கும். அன்று ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கேத்தலைக் கொதிக்க வைத்தேன், தேநீர் போடவில்லை. எதையோ தேடுகிறவன் போல சிங்குக்குக் கீழே கையை விட்டேன். சாம்பிள் பெயிண்ட் அடைத்த சின்னத் தகரப் பேணிகள் அகப்பட்டன. படுக்கையறைக்கு நிறம் தெரிவுசெய்ய மனைவி வாங்கியவை. சுவரில் ஒரு கை அகலம் பூசிப் பார்ப்பாள், காலையில் பிடிக்காது, வேறொன்று வாங்குவாள். அறை இன்னும் பழைய வெள்ளையில்தான் இருந்தது.

முதலில் சாவிக்கொத்தில் இருந்த திறப்புகளின் தலையில் பூசினேன். முன்கதவுக்கு நீலம், பின்கதவுக்கு மஞ்சள். பிறகு ஒரே மாதிரியான ஜாம் போத்தல்களில் இருந்த சரக்குத் தூள்களின் மூடிகள். மிளகாய்க்குச் செங்கல் நிறம், மல்லிக்குப் பச்சை. காயும்வரை பொறுக்க முடியாமல் கறிவேப்பிலைத் தொட்டியைச் சுற்றிக் கோடுகள் இழுத்தேன். போனைப் பார்த்தேன். பழைய ஸ்டூலைக் கவிழ்த்துக் காலுக்கொரு நிறமாகப் பூசத் தொடங்கினேன்.

கதவு மணி அடித்தது. மனைவியின் தம்பி, கையில் மீன் பையோடு.

"என்ன அத்தான், வேலைக்குப் போகேல்லையோ?"

"இண்டைக்கு லீவு."

அவன் மூடிகளைப் பார்த்தான். ஸ்டூலைப் பார்த்தான். "அறைக்குப் பெயிண்ட் அடியுங்கோ எண்டு அக்கா வருசக்கணக்காக் கத்துறா. நீங்கள் ஸ்டூலுக்குக் காலுறை போடுறியள்."

சிரிக்க முயன்றேன். அப்போது போன் அடித்தது. திரையில் நம்பர் இல்லை. ஆஸ்பத்திரி அழைப்பு அப்படித்தான் வரும் என்று அவள் சொல்லியிருந்தாள். இவனுக்கு முன்னால் எப்படி எடுப்பது?

"அக்காவின்ரை போன் எல்லோ? எடுங்கோவன்."

"ஆரேன் சாமான் விக்கிறவையாயிருக்கும்."

அடித்து ஓய்ந்தது. திருப்பிக் கூப்பிட நம்பர் இல்லை. தூரிகையை எந்தப் பேணியில் தோய்த்தேன் என்று தெரியாது. ஸ்டூலின் பச்சைக் காலில் செங்கல் நிறம் வழிந்தது.

"அத்தான், என்ன, நிறத்தை மாத்திப் பூசுறியள்?"

மறுபடி அடித்தபோது எடுத்துவிட்டேன். ஒரு பெண் மனைவியின் பிறந்த திகதியைக் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பேசியதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு அவன் முகத்தருகே பிடித்தேன். அவன் கேட்டான், இரண்டு கேள்வி கேட்டான், தாங்க்யூ என்றான்.

"கான்சர் இல்லையாம். சும்மா கொழுப்புக் கட்டியாம்." பிறகு குரல் மாறியது. "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

தூரிகையைப் பேணிக்குள் போட்டேன். "வா, அக்காவிட்டைப் போவம்" என்றேன்.

அவளுடைய ஷிப்ட் முடிய நேரம் இருந்தது. ஆனாலும் அவனுடைய வான் வண்டியில் போய், முதியோர் இல்லத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றோம். நல்ல செய்திதானே, இரண்டு பேராகச் சொன்னால் என்ன என்று நினைத்தேன்.

ஷிப்ட் முடிந்து அவள் வெளியே வந்தாள். என்னைக் கண்டாள். பிறகு பக்கத்தில் தம்பியைக் கண்டாள். படியிலேயே நின்றுவிட்டாள். கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. கெட்ட செய்தியாக இருந்தால்தான் நான் அவனிடம் வாய் திறந்திருப்பேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

நடுவில் பஸ்கள் ஓடின. கடக்க வழியில்லை. பஸ்ஸில் இறங்க வழி கேட்கவே குரல் வராதவன் நான். அவளோடு வேலை செய்கிறவர்கள் பார்த்திருக்க, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்.

"ஒண்டுமில்லையாம். ஒண்டுமில்லையாமப்பா."

இன்னொரு பஸ் மறைத்தது. அது போன பிறகு பார்த்தேன். அவள் படியில் உட்கார்ந்து, கேட்டுவிட்டது என்று எனக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.