புறா வலைக்கு வெளியே

புனேயின் வாக்கட் பாலத்தை நெருங்கும்போதும் என் தோள் பையிலிருந்து புளித்த மாவு வாடை அடித்துக்கொண்டிருந்தது. ஹிஞ்சேவாடியில் மூன்று மாதம் வேலை பார்த்த மெஸ்ஸை விட்டு நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாடைக்குக் காரணம் என் கம்பளி. குளிர் இறங்கியதிலிருந்து இட்லி மாவு பொங்கவில்லை. சாப்பிட வரும் கம்பெனிப் பையன்கள் இட்லியைத் தட்டில் தட்டி ஓசை எழுப்பிக் காட்டினார்கள். முதலாளி என் கம்பளியை எடுத்து மாவு அண்டாவுக்குச் சுற்றினார். "உனக்கு வயசு இருக்குடா, தாங்குவே. மாவு தாங்காது" என்றார். மூன்று இரவு தாங்கினேன். நான்காம் நாள் விடிவதற்கு முன்னால் கம்பளியை உருவிக்கொண்டு, ஆணியில் தொங்கிய முதலாளியின் ஸ்வெட்டரை அண்டாவுக்கு மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கைகள் இரண்டும் தொங்க, அண்டா அவரைப் போலவே இருந்தது.

சிஞ்ச்வட் போய் ஏதாவது பட்டறையில் கேட்கலாம் என்பதுதான் அப்போதைய யோசனை. பாலத்தடியில் டீக்கடை திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு மினிபஸ் நின்றது. கண்ணாடியில், ஆள் ஏறிப் பறக்கும் பலூன் படம் ஒட்டியிருந்தது. பஸ்ஸின் படியில் ஓர் அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே அவருடைய மகன் ஒரு காதில் போனும் ஒரு காதில் அம்மாவுமாகத் தவித்தார்.

"கம்பெனி சர்வர் டவுனாயிடுச்சும்மா. நான் ஆபீஸ் போயே ஆகணும். இறங்குங்க, கேப் போட்டு வீட்டுக்கு அனுப்பறேன்."

"நீ போ. நான் பலூனுக்குப் போறேன்."

"தனியா விடமாட்டாங்கம்மா. கீழ இறங்கும்போது எப்படி உட்காரணும்னு ஹிந்தியிலதான் சொல்வாங்க. உங்களுக்குப் புரியாது."

"ஒன்னப் பெக்கும்போது டாக்டரம்மா மலையாளத்துலதான் சொன்னா. பெக்கலியா?"

டீயை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. அந்த அம்மா மகனைப் பார்க்க வந்து நான்கு மாதம். மகர்பட்டாவில் பதினோராவது மாடி வீடு. பால்கனி முழுக்கப் புறா வராமலிருக்க வலை கட்டியிருக்கிறார்கள்.

"பொறாவுக்கு வலை கட்டி என்னிய உள்ள வச்சிருக்கே. நாளைக்கு எனக்கு ரயிலு. அதுக்குள்ள ஒரே ஒரு தடவ, வலை இல்லாம உசரத்துல நின்னு பாக்கணும்ல. வேற எதுவும் கேட்டேனா ஒங்கிட்ட?"

அப்போதுதான் அந்த அம்மாவின் கண் என் பையில் விழுந்தது. பொன்னி அரிசிச் சாக்கில் தைத்த பை. தமிழ் எழுத்து பாதி அழிந்திருந்தாலும் அரிசி என்பது தெளிவாகத் தெரியும்.

"ஏல அரிசி மூட்ட. ஒனக்கு ஹிந்தி தெரியுமா?"

"லாரியில போகும்போது கத்துக்கிட்டதும்மா."

"போதும். ஏறு."

எட்டாவதோடு படிப்பை விட்டவனை மொழி தெரிந்தவன் என்று யாரும் வேலைக்கு எடுத்ததில்லை. நான் ஏறிவிட்டேன். வெளியே குளிர், உள்ளே மெத்தை இருக்கை. மகன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைக் கீழே இறக்கி, போனில் முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று படம் பிடித்துக்கொண்டார். ஒருமுறை சூரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனபோதுகூட முன்பக்கம் மட்டும்தான் எடுத்தார்கள். கடைசியில் தன் ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவைப் பிடித்து ஓடினார். அந்த ஜாக்கெட்டுக்குள் என்னோடு இன்னும் ஒருவர் நுழையலாம்.

அவர் போன பிறகுதான் கைடு வந்து ஏறினார். கையில் பட்டியல். அந்த அம்மா என்னைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஒரே ஹிந்திச் சொல்லைச் சொன்னார். "பேட்டா." கைடு மகன் பெயருக்கு நேராக டிக் அடித்தார். நான் மென்பொருள் பொறியாளன் ஆனேன்.

அடுத்து ஏறியவர்கள் ஓர் இளம் தம்பதி. கோயம்புத்தூர்க்காரர்கள். கணவர் என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, தமிழர் என்று தெரிந்ததும் மலர்ந்தார்.

"எந்தக் கம்பெனிங்க?"

"நேத்து வரைக்கும் ஹிஞ்சேவாடிங்க. இன்னைக்குக் காலையில விட்டுட்டேன்."

"அட. ஏனுங்க?"

"மேல இருக்கறவரோட ஒத்து வரல. என்னோடதை எடுத்து வேற ஒண்ணுக்குப் போர்த்தறாரு."

"எல்லா டீம்லயும் இதே கதைதானுங்க" என்று அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார். "நோட்டீஸ் பீரியட்?"

"அதெல்லாம் இல்லீங்க. நடந்து வந்துட்டேன்."

அதன் பிறகு அவர் என்னிடம் பேசிய குரலில் ஒரு மரியாதை ஏறிவிட்டது. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பில் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

கைடு மைக்கைப் பிடித்து மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் என்று மூன்று முறை எல்லாவற்றையும் சொன்னார். இடதுபுறம் கோட்டை, வலதுபுறம் ஏரி. இரண்டு பக்கமும் பனிமூட்டம் மட்டும்தான் இருந்தது. மூன்று மொழியிலும் சொன்னதால் நம்பினோம்.

காம்ஷேத் தாண்டி ஒரு மைதானத்தில் பலூன் படுத்துக்கிடந்தது. பெரிய விசிறி ஒன்று அதற்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஓட்டுபவர் ராஜஸ்தான்காரர், மீசையும் தொப்பியுமாக இருந்தார். முதலில் எல்லோரையும் தராசில் ஏற்றினார். என் முறை வந்ததும் பட்டியலைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். பட்டியலில் எண்பத்தெட்டு கிலோ. நான் ஜாக்கெட்டோடு ஐம்பத்திரண்டு.

"மீதி எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அம்மாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். "மீதி ஆபீசுக்குப் போயிருக்குன்னு சொல்லு" என்றார். டயட்டில் இருக்கிறேன் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் என் கழுத்தெலும்பைப் பார்த்தார். எடை குறைந்தால் பலூனுக்கு நல்லதுதானே, விட்டுவிட்டார்.

பிறகு பாடம் நடந்தது. இறங்கும்போது எல்லோரும் முழங்காலை மடக்கிக் குந்த வேண்டும், போகும் திசைக்கு முதுகு காட்ட வேண்டும், கூடைக்குள் இருக்கும் கயிற்று வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நின்றாலும் இறக்கமாட்டேன் என்றார். அம்மாவிடம் சொன்னேன். "சரி சரி, மேல போவச் சொல்லு" என்று கையை ஆட்டினார்.

கூடையில் நாங்கள் ஐந்து பேர். ஓட்டுநர், தம்பதி, அம்மா, நான். தலைக்கு மேல் நெருப்பு சீறியது. மெஸ்ஸில் மூன்று அடுப்பைச் சேர்த்துப் பற்றவைத்தாலும் அப்படி எரியாது. தரை ஒரு சத்தமும் இல்லாமல் கீழே போனது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்குக் காது மடல் சூடானது. மாவை இங்கே கொண்டுவந்திருக்கலாம்.

திரும்பிப் பார்த்தால் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, என் ஜாக்கெட் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்னம்மா, பதினோராவது மாடியில இருந்தவங்கதானே நீங்க."

"அங்க வலை இருந்துச்சுல்லா" என்றார். கண் திறக்கவில்லை.

சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வந்தது. கோவைத் தம்பதி படம் எடுத்துத் தள்ளினார்கள். அம்மா மூடிய கண்ணோடு நின்றார். "இப்ப என்ன தெரியுது?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "இப்ப?" மறுபடி சொன்னேன். இப்படியே நேரம் போனது. நான்கு மாதம் வலைக்குப் பின்னால் இருந்துவிட்டு, நாளைக்கு ரயில் ஏறப்போகிறவர், என் வாயால் கேட்டுவிட்டுப் போவதா? எனக்கே பொறுக்கவில்லை.

"அம்மா, உங்க மகன் ஆபீஸ் தெரியுது. மாடியில நின்னு ஒரு பொண்ணோட டீ குடிச்சுக்கிட்டிருக்காரு."

கண் பட்டென்று திறந்தது. "எங்கல?"

ஆபீஸ்கள் இருக்கும் ஹிஞ்சேவாடி எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் அவர் எட்டிப் பார்த்துவிட்டார். பள்ளத்தாக்கில் பனி தேங்கிக் கிடந்தது. ஏரியின் ஒரு ஓரம் மட்டும் தட்டின் விளிம்பு போல மினுங்கியது. கைடு பொய் சொல்லவில்லை. எங்கள் பலூனின் நிழல் ஒரு கோதுமை வயலில் ஏறி, வேலி தாண்டி, ஓட்டு வீடுகளின் மேல் நழுவிப் போனது. நாய்கள் அதைத் துரத்திக் குரைத்தன. அவ்வளவு உயரத்திலும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

"ஏல, குக்கர் விசிலு. கேக்குதா?" என்றார் அம்மா. "ரெண்டு. இன்னும் ஒண்ணு வெச்சிட்டு எறக்கிருவா." மூன்றாவது விசில் வந்தது. அவர் முகம் மகனைப் பற்றிய கவலையையெல்லாம் மறந்துவிட்டது. "நாலு மாசமா அடுத்த வீட்டுல என்ன கொதிக்கின்னு தெரியாம இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து ஓட்டுநர், எல்லோரும் குந்துங்கள், இறங்கப் போகிறோம் என்றார். முன்னால் அறுவடை முடிந்த காலி நெல்வயல் தெரிந்தது.

"என்ன சொல்லுதாரு?"

"குந்தணுமாம். இறங்கப் போறோம்."

"ஏல, நான் இன்னும் பாக்கவே இல்லியே."

நான் ஓட்டுநரிடம் திரும்பினேன். "சாப், அம்மாவுக்கு முழங்கால் சட்டுனு மடங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் மடக்கணும்."

அவர் பல்லைக் கடித்து நெருப்பைத் திறந்தார். காலி வயல் எங்களுக்குக் கீழே கடந்துபோனது. அம்மா இரண்டு கையையும் கூடை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, எட்டிப் பார்த்தார். ஒருத்தி துணி உலர்த்துவதைப் பார்த்தார். ஒரு பஸ் வளைவில் திரும்புவதைப் பார்த்தார். அடுத்த காலி நிலம் வந்தது.

"மடங்கியாச்சா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"பாதி" என்றேன்.

கோவைத் தம்பதிக்கு நாங்கள் இரண்டு மொழியிலும் பேசியதெல்லாம் புரியும் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி குந்தியிருந்தவர் எழுந்து நின்று, "எனக்கும் கால் மரத்துப்போச்சுங்க" என்றார். கணவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த நிலமும் போனது. முன்னால் மின்கம்பி. அதற்கு இந்தப் பக்கம் பச்சையாகப் பாத்தி கட்டிய வயல் ஒன்று. இனி வேறு வழி இல்லை என்று ஓட்டுநர் கத்தினார். இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மா மடமடவென்று குந்தி வளையத்தைப் பிடித்துக்கொண்டார். கூடை தரையைத் தொட்டு, ஒருமுறை துள்ளி, சாய்ந்து, நான்கு பாத்தி வெங்காய நாற்றை வாரிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. என் பல்லில் மண்.

வயலுக்குச் சொந்தக்காரப் பெண் அரிவாளோடு வந்தார். பின்னாலேயே ஜீப்பில் கைடும் வந்துசேர்ந்தார். கம்பெனியில் இதற்குத் தனியாக ஈடு கொடுப்பார்கள் என்று மராத்தியில் ஆரம்பித்தார். அந்தப் பெண் அவரைப் பேசவிடவில்லை. காசு நாற்று நடுமா என்று கேட்டார். ஊரில் கைகால் உள்ளவனெல்லாம் பாக்டரிக்குப் போய்விட்டான், ஒரு வாரமாகத் தனியாக நட்ட பாத்தி இது, ஆளைக் கொடு என்றார்.

இந்தச் சண்டைக்கு நடுவில் அம்மாவைக் காணவில்லை. பார்த்தால் பாத்தியில் இருந்தார். சேலையைச் செருகிக்கொண்டு, முழங்காலை முழுசாக மடக்கிக் குந்தி, பிடுங்கிக் கிடந்த நாற்றை ஒவ்வொன்றாக எடுத்து வேர் ஒடியாமல் மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தார். "வேரு காயுமுன்ன வச்சிரணும்ல. பேசிக்கிட்டே நிக்காவ" என்றார். குந்தியபடியே பின்னால் நகர்ந்தார். இருபது வயதுக்காரியின் முழங்கால்.

ஓட்டுநர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வயல்காரப் பெண்ணும் அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

"மேலே அவங்க என்ன சொன்னாங்க?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"இன்னும் பார்க்கவே இல்லைன்னாங்க சாப்."

"நீ என்ன சொன்னே?"

"முழங்கால்னு சொன்னேன்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினார்; என் லாரி ஹிந்திக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவைதான். திட்டி முடித்ததும் வயல்காரப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "இதோ ஆள்" என்றார்.

அந்தப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தார். மெஸ் அண்டா தேய்த்த கை. சாப்பிடுவாயா, நிறைய தின்பாயா என்று கேட்டார். கிடைத்ததைத் தின்பேன் என்றேன். வேலை உறுதியானது.

மற்றவர்களைக் குகை பார்க்கவும் கடலைமிட்டாய் வாங்கவும் கைடு கூட்டிப்போக வேண்டும். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். "வச்சுக்கோ, அவங்கிட்ட மூணு கெடக்கு" என்றார் அம்மா. அப்போது மகனிடமிருந்து போன் வந்தது. அம்மா சத்தமாகப் பேசுகிறவர்.

"பாத்தேன், பாத்தேன். வலை இல்லாமப் பாத்தேன். அந்தப் பையனா? ஓடல. வேலைக்குச் சேந்துட்டான்." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மொதல்ல நீ சொல்லு, காலையில யாரோட டீ குடிச்ச?" என்றார்.

ஜீப் கிளம்பும்போது கோவைக்காரர் என் கையைக் குலுக்கி, ஐ.டி.யை விட்டு விவசாயத்துக்குப் போகத் தனக்கும் ஆசைதான், தைரியம் வரவில்லை என்றார். அவரைத் திருத்த எனக்கு மனமில்லை.

மறுநாள் விடிந்ததும் வயலில் இறங்கினேன். வெங்காயக் கொட்டகையில் கம்பளியைப் போர்த்தி நன்றாகத் தூங்கியிருந்தேன். காலையில் அந்தப் பெண் உள்ளே வந்து மோந்து பார்த்து, எது புளித்தது என்று தேடினார். முழங்காலை மடக்கிக் குந்தி, போகும் திசைக்கு முதுகு காட்டி, நாற்றை ஊன்றிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். நேற்றே ஒருவர் சொல்லிக்கொடுத்துவிட்டதால் எனக்கு அது சுலபமாக வந்தது. முதல் பாத்தி பாதி நிறைந்தபோது மலைப்பக்கம் நெருப்புச் சீறும் சத்தம் கேட்டது. வயல்காரப் பெண் அரிவாளை எடுத்துக்கொண்டு வரப்பில் போய் நின்றார்.