பதிவேட்டில் இல்லாத மூன்று கடிதங்கள்

எங்கள் காவல் தலைமையக அலுவலகத்தில் படிவத்துக்குப் பாரம் என்று பெயர். விடுப்புக்கு ஒரு பாரம், மேசை மாற்ற ஒரு பாரம், மரணத்துக்கு நான்கு. பொறுப்பேற்பதற்கு மட்டும் பாரம் கிடையாது. வாயால் சொன்னால் போதும். ஒரு தாக்குதலுக்குப் பிறகு எங்கள் தலைமை அதிகாரி தொலைக்காட்சியில் அப்படிச் சொன்னார். அடுத்த ஆண்டு தூதராகப் போனார்.

கடலோரக் காவல் நிலையம் ஒன்றில் ரேடார் பழுதாகிக் கிடந்தது. அதன் ஆபரேட்டர் மூன்று முறை கடிதம் எழுதினார். மூன்றும் என் மேசைக்கு வந்தன. கீழே இருப்பவன் குறிப்பு எழுத வேண்டும், மேலே இருப்பவர் சுருக்கொப்பம் இடுவார், அதுதான் வழக்கம். தலைமை அதிகாரியின் மனமறிந்து, "இப்போதைக்கு நிலுவையில் வைக்கலாம்" என்று எழுதினேன். ஒப்பமிட்டார். கோப்பு நிலுவைத் தட்டுக்குப் போனது.

ஒரு பிற்பகலில் ஆயுதக்காரர்கள் அந்தக் கரையில் படகில் வந்து இறங்கினார்கள். காவலர்கள் இருவர் இறந்தார்கள். அவர்களுடைய மரணப் பாரங்களை நிரப்பியவன் நான். நீலப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் படங்கள். ஒருவருடைய காலர் மடங்கியிருந்தது. ஓய்வுபெற்ற பின்பும், ரயிலில் யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால், அந்தக் காலரைச் சரிசெய்ய என் விரல்கள் அசைகின்றன.

முன்பே எச்சரிக்கைக் கடிதம் வந்ததா என்று விசாரணைக் குழு என்னைக் கேட்டது. "பதிவேட்டில் இல்லை" என்றேன். நிலுவைக் கோப்பை மறுபடி திறக்கும்வரை பதிவேட்டில் ஏற்றமாட்டோம். ஆக, நடைமுறைப்படி நான் சொன்னது சுத்தமான உண்மை. கவனக்குறைவு என்று ஆபரேட்டரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில், என் வீட்டுக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடைக்கு அந்த ஆபரேட்டர் என்னைத் தேடி வந்தார். இப்போது போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். அவருடைய கடைசி மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது.

"வேற ஒண்ணும் வேணாம் சார். மூணு லெட்டர் வந்துச்சுன்னு எழுதிக் கொடுங்க, போதும் லா."

"அரசாங்க ரகசியச் சட்டம் இருக்கே?"

"தெரியும். என்னை வேலைய விட்டு அனுப்புனப்போ அதுலதானே சைன் வாங்குனாங்க."

"தூதர் வேலை முடிஞ்சு திரும்பிட்டாரே, நம்ம பெரிய அதிகாரிகிட்ட போனீங்களா?"

"போனேன் சார். பாலில்லாம தே ஓ எல்லாம் கலக்கிக் குடிக்கக் கொடுத்தாரு. 'நான்தான் அப்பவே பொறுப்பேத்துட்டேனே, இன்னும் என்ன?'ன்னு கேட்டாரு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று கடிதங்கள் வந்ததை எழுதினேன். அவர் தாளுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்காமல் இன்னொரு பத்தி சேர்த்தேன்: நிலுவைக் குறிப்பை எழுதியவன் நான்; குழு கேட்டபோது கடிதங்கள் எந்தத் தட்டில் இருந்தன என்பது எனக்குத் தெரியும்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "சார், இது எதுக்கு? உங்க மேல கேஸ் போடுவாங்க."

"இது இல்லன்னா லெட்டர் எங்க போச்சுன்னு கேப்பாங்க. பதில் இல்லன்னா உங்க அப்பீல் நிக்காது."

தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, சார்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். இப்படி எழுதிய தாளுக்குச் சத்தியப் பிரமாணம் வாங்கும் அலுவலகத்தை ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள். எழுந்து நடந்தோம், அவர் முன்னால், நான் பின்னால்.